லீவுக்கு ஒரு குச்சி, ஒரு டம்ளர், கொஞ்சம் டேட்டா

ஏப்ரல் கடைசி வாரம் வந்தால் எங்கள் குறுவளமைய வாட்சப் குழுவில் இரண்டு வகைச் செய்திகள் வந்து விழும். ஒன்று, எமிஸில் எந்தெந்தப் பள்ளி எதை முடிக்கவில்லை என்று சிவப்பு அடித்து வரும் பட்டியல். இன்னொன்று, ‘ஆசிரியர்களுக்குப் பயன்படும் 101 இணையதளங்கள்’ என்கிற பி.டி.எஃப். முதலாவதைப் பதறியடித்துத் திறந்து பார்ப்போம். இரண்டாவதுக்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம்.

பொம்மிடி பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். “சார், அந்த 101 எல்லாம் வேணாம். நீங்க நெசமா எதைப் பாக்கறீங்களோ அதை மட்டும் சொல்லுங்க. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போவணும், மாமியார் வீட்டுக்கும் போவணும். நடுவுல முடிஞ்சதைச் செய்றேன்.” நியாயமான பேச்சு. போனில் சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தூங்குங்கள். தேர்வு, விடைத்தாள், எமிஸ், இடையில் வட்டார வளமையத்தில் பயிற்சி என்று ஓடியவர்களுக்கு மே முதல் வாரம் தூங்குவதற்குத்தான். அதற்குப் பிறகு செய்வதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் ஒரு தளத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை ஒரே கேள்வியில் முடித்துவிடுவேன்: அதைப் பார்த்த பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போகத் தோன்றுகிறதா? தோன்றினால் வைத்துக்கொள்வேன். பார்த்துக்கொண்டே உட்காரத்தான் தோன்றுகிறது என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அப்படி என்னை வாசலுக்குத் தள்ளியது நிழலில்லா நாள். இந்திய வானியல் கழகத்தின் மக்கள் தொடர்புக் குழு, நம் ஊரில் சூரியன் நண்பகலில் சரியாகத் தலைக்கு மேல் வரும் நாள் எது என்று பார்த்துக்கொள்ள வழி செய்து வைத்திருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டி ஏறக்குறைய 11.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. புதுச்சேரியும் கிட்டத்தட்ட அதே கோட்டில்தான். ஆகவே நமக்கு ஏப்ரல் 21 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 21 வாக்கில் ஒருமுறை. நேரம் சரியாகப் பன்னிரண்டு இல்லை. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கக் கோட்டை வைத்துக் கணக்கிடப்படுவது. நாம் அதற்கு மேற்கே நான்கு பாகை தள்ளி இருக்கிறோம். அதனால் நம் ஊர் நண்பகல் 12:15 வாக்கில்தான் வரும்.

ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வருகிற நேரம் அது. சத்துணவுக் கூடத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, மைதானத்தில் சிமென்ட் மேடைமேல் கவிழ்த்து வைத்தேன். மேற்குப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த மெல்லிய கோடு இளைத்து இளைத்து ஒரு கட்டத்தில் காணாமல் போனது. “சார், நெழல் எங்க சார் போச்சு?” என்றான் ஏழாம் வகுப்புப் பையன். பதில் சொல்வதற்குள் நாலு பேர் எம்பி எம்பிக் குதித்து, தங்கள் நிழல் காலடியில்தான் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எம்பும்போது நிழல் தெரிகிறது, இறங்கினால் செருப்புக்கு அடியில் போய்விடுகிறது. வெயில் கொளுத்தியது, ஒருத்தரும் நகரவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பது. ஏப்ரல் 21க்குப் பிறகு ஆகஸ்ட் 21 வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், சூரியன் வடக்கே நிற்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆசிரியர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஓய்வறையில் வேண்டாம், சண்டை வரும். ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் குச்சியை நட்டால், நண்பகலில் அதன் நிழல் தெற்கே 20 செ.மீ. நீளும். அதுவே அந்த ஆண்டின் உச்சம். பிறகு திரும்பி வர ஆரம்பிக்கும்.

நம் பிள்ளைகளில் பாதிப் பேர் கோடையில் ஊரில் இருப்பதில்லை. அப்பா அம்மா வேலை செய்யும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விடுவார்கள். ‘லீவு முடிந்து வருவார்களா’ என்பதுதான் எங்கள் வழக்கமான கவலை. ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு அவர்கள் அங்கே இருப்பது வசதி. மே 15 அன்று ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, 12 மணியிலிருந்து 12:30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். இருப்பதிலேயே குட்டையான நிழலை அளந்து, அம்மாவின் போனிலிருந்து எனக்கு அனுப்ப வேண்டும். கணக்குப்படி பெங்களூரில் சுமார் 10 செ.மீ. வரும், நம் ஊரில் 12, திருப்பூரில் பதினான்குக்குச் சற்றுக் குறைவு. நாகர்கோவிலில் தெரிந்த ஆசிரியர் யாராவது சேர்ந்தால் அங்கே 19.

இந்த எண்களை வைத்துக்கொண்டு பூமியின் சுற்றளவையே கணக்கிட்டுவிடலாம். எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்னால் செய்தது இதுதான். நமக்கும் நாகர்கோவிலுக்கும் நிழல் கோணத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 3.7 பாகை, வடக்குத் தெற்காக நேர்கோட்டுத் தொலைவு 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பஸ் போகிற தூரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது, கூகுள் எர்த்தில் அளவுகோலை வைத்து நேர் தெற்கே அளக்க வேண்டும். 360ஐ 3.7ஆல் வகுத்து அந்தத் தொலைவால் பெருக்கினால் 40,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஒரு எச்சரிக்கை: நிழல் அளப்பதில் ஒரே ஒரு சென்டிமீட்டர் தவறினால் பூமி ஆறாயிரம் கிலோமீட்டர் பெருத்துவிடும் அல்லது இளைத்துவிடும். பிழை என்றால் என்ன, சராசரி எதற்கு எடுக்கிறோம் என்பதைச் சொல்லித்தர இதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைத்ததில்லை. குச்சி சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கொத்தனார் மகன் யாராவது வகுப்பில் இருந்தால் தூக்குக்குண்டே வந்துவிடும்.

அடுத்தது அரவிந்த் குப்தாவின் தளம். பொறியாளர். 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனவர், குப்பையில் கிடப்பவற்றை வைத்தே பொம்மை செய்ய ஆரம்பித்தார். 2018இல் பத்மஸ்ரீ. தளத்தில் புத்தகங்களும் செய்முறை வீடியோக்களும் கொட்டிக் கிடக்கின்றன, தமிழிலும் உண்டு. நான் திரும்பத் திரும்பச் செய்வது தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும்தான். பேருந்து நிலையம் பக்கம் எந்த சைக்கிள் கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள், முழம் கணக்கில். இரண்டு செ.மீ. துண்டுகளாக வெட்டி, இரண்டு முனையிலும் குச்சியைச் செருகி, மூன்று குச்சியில் ஒரு முக்கோணமும் நான்கு குச்சியில் ஒரு சதுரமும் செய்யச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் ஓரத்தில் அழுத்தச் சொல்லுங்கள். சதுரம் சாய்ந்து சாய்சதுரம் ஆகிவிடும். முக்கோணம் அசையாது. அதற்குப் பிறகு வீட்டுக் கூரைச் சட்டத்தையும் ரயில் பாலத்தையும் மின்கோபுரத்தையும் பார்க்கிற பிள்ளை, முக்கோணத்தைத் தானே தேடும். எங்கள் ஊருக்கு வந்த செல்போன் கோபுரத்தில் எத்தனை முக்கோணம் என்று எண்ணுவதற்காக இரண்டு பெண் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நின்றார்கள். தீக்குச்சியின் மருந்து முனையை முதலிலேயே உரசி எடுத்துவிடுங்கள், தலைமை ஆசிரியர்களுக்கு இதயம் பலவீனம்.

ஃபெட் என்ற தளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இயற்பியல், வேதியியல், கணக்குக்கான உருவகச் சோதனைகள். தமிழில் மொழிபெயர்த்தவையும் இருக்கின்றன. மின்சுற்று செய்கிற பகுதியில் பேட்டரியின் இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பிள்ளைகள் அதை மட்டுமே பத்து முறை செய்வார்கள், செய்யட்டும். இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். 2024இல் அரசு கொடுத்த கையடக்கக் கணினி தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் இருக்கிறது. அதில் இதை ஏற்றி வைப்பது அரை மணி நேர வேலை. மணற்கேணி, தீக்ஷா பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தின் க்யூஆர் குறியை ஒருமுறையாவது எல்லோரும் ஸ்கேன் செய்திருப்போம். பாடசாலை, கல்விச்சோலை எல்லாம் நமக்குத் தினமும் செய்தித்தாள் மாதிரி. வினாத்தாளும் அரசாணையும் அங்கே எடுத்துக்கொள்ளலாம், லீவுக்கு அவை எதற்கு?

படிக்கக் கொடுப்பதற்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய தளம். படக்கதைகள், நாலு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சித்திலிங்கி பக்கம் லம்பாடிக் குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். கதையைத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு, அதையே வீட்டில் பேசுகிற பேச்சில் அம்மாவுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அம்மா திருத்துவதைப் போனில் பதிவு செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அந்தப் பதிவில் அதட்டி அதட்டிக் கதை சொல்லும். சித்திலிங்கியிலேயே மலைக்கிராமப் பிள்ளைகளுக்கென்று ‘துளிர்’ என்ற கற்றல் மையம் நடத்தியிருக்கிறார்கள். கைவேலையையும் பாடத்தையும் அவர்கள் பிரித்துப் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

உங்களுக்காகப் படிக்க வேண்டுமா? மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அன்றிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிய தமிழ் நூல்கள் அங்கே இருக்கின்றன. இலங்கைத் தமிழ்ப் புத்தகமும் பத்திரிகையும் வேண்டுமென்றால் நூலகம் தளம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் தனி உலகம். பழைய பள்ளிப் பாடநூல்கள்கூட அங்கே மாட்டும், நம் அப்பா காலத்துப் புவியியல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், ஒரு மாலை போவதே தெரியாது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். 2017 கோடையில் பள்ளிக் கல்வித்துறை ஒரு வேலை செய்தது. மாவட்டங்களில் ஆசிரியர்களை உட்காரவைத்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி கொடுத்தது. விக்கிப்பீடியாத் தன்னார்வலர்கள் வந்து சொல்லித்தந்தார்கள். அந்த மே மாதத்தில்தான் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. பயிற்சி என்றாலே ‘கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கிற இடம்’ என்று நினைக்கும் நம் ஆட்கள், அங்கே ஒரு கட்டுரையைச் சேமித்ததும் அது உலகத்துக்கே தெரிவதைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். துறை நடத்திய பயிற்சிகளில் உருப்படியானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் கைகாட்டுவேன். அது ஆண்டுதோறும் தொடரவேண்டிய விஷயம். ஆனால் நாம் தனியாகத் தொடர்வதற்கு யாருடைய சுற்றறிக்கையும் தேவையில்லை.

எதை எழுதுவது என்று கேட்பீர்கள். நம் பகுதி ஊர்களின் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பல ஊர்களுக்கு மக்கள்தொகை, அஞ்சல் குறியீடு, சட்டமன்றத் தொகுதி, அவ்வளவுதான். ஊர் எங்கே? சேர்வராயன் மலையில் பிறந்து முள்ளிக்காட்டுக்கு வருகிற வாணியாறு, 65 அடி உயர அணை, அதிலிருந்து வெங்கடசமுத்திரம், ஆலாபுரம் என்று ஏரி ஏரியாகத் தண்ணீர் போகிற வழி, கடைசியில் தென்பெண்ணையில் சேர்வது, இதை எல்லாம் எழுத முடிகிற ஆள் சென்னையில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. தென்கரைக்கோட்டையின் கோட்டைச் சுவரையும் கல்யாணராமர் கோயிலையும் படமெடுத்து விக்கிமீடியாப் பொதுவகத்தில் ஏற்றினால் அதை எந்த ஊர்ப் பிள்ளையும் பயன்படுத்தலாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களையும் புரட்டலாம். அணை நிரம்பிய ஆண்டையும் வறண்ட ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் புவியியல் பாடத்துக்கு அன்றைக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

தருமபுரிக்காரர்களுக்கு இன்னொரு சொத்து இருக்கிறது, நடுகற்கள். வட்டெழுத்து பொறித்த நடுகற்கள் இந்த மாவட்டத்தில் எவ்வளவோ கிடைத்திருக்கின்றன. பல ஊரில் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது சாமி. வரலாற்றுப் புத்தகத்தில் வருவது வேறு ஏதோ கல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் வரிசையாக நிற்கும் நடுகற்களைக் காட்டிவிட்டு, தங்கள் ஊர் வேடியப்பனைப் போய்ப் பார்க்கச் சொன்னால், வில்லையும் கத்தியையும் தாங்களே கண்டுபிடிப்பார்கள். தொல்லியல் துறை வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகள் சில மின்னூலகத்தில் உண்டு, அங்கே நம் வட்டாரத்து ஊர்ப்பெயர்களைத் தேடிப் பாருங்கள். கல்லைத் தொடுவதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, சுண்ணாம்பு அடிப்பது, கம்பியால் சுரண்டுவது எல்லாம் கூடாது. காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும்போது படமெடுத்தால் எழுத்து தானாகவே எழுந்து நிற்கும். பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், அவரே நாலு கதை சொல்வார்.

விக்கிப்பீடியாவில் எழுதும்போது நம் பழக்கங்கள் சில இடிக்கும். ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்று ஆரம்பித்தால் யாராவது வந்து வெட்டிவிடுவார்கள், கோபப்படாதீர்கள். சொன்னதற்கு ஆதாரம் வேண்டும்: அரசு வெளியீடு, புத்தகம், செய்தித்தாள். தாத்தா சொன்னது அங்கே செல்லாது. தாத்தா சொன்னதைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அது உங்கள் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு, விக்கிப்பீடியாவைவிட முக்கியம்.

இதை வலியுறுத்த எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாடக்குறிப்பு எழுதுவதிலிருந்து ஆண்டு விழா வரவேற்புரை வரை எல்லாவற்றுக்கும் இப்போது செயற்கை நுண்ணறிவிடம் போய்விட்டோம். வினாத்தாள் தயாரிக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு செயலியிடம் பாப்பிரெட்டிப்பட்டியைப் பற்றிக் கேட்டபோது, சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் எங்கள் ஊரில் இருப்பதாகச் சொல்லியது. அவர் 1925இல் மறைந்தது பாப்பாரப்பட்டியில், நினைவிடமும் அங்கேதான். கொஞ்சம் தயவு காட்டலாம்தான், எங்கள் பக்கம் கோபாலபுரம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு அவர் பெயர் இருக்கிறது. இருந்தாலும் வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் செய்கிற குழப்பத்தை இயந்திரமும் அப்படியே செய்தது. நம் ஊரைப் பற்றித் தமிழில் சரியாக எழுதி வைத்தவர்கள் குறைவு என்றால் அது மட்டும் எங்கே போய்ப் படிக்கும்?

மரம் பார்க்கிற ஆட்களுக்கு சீசன்வாட்ச் இருக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை இலை, பூ, காய் எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவதுதான் மொத்த வேலை. சித்திரையில் சரக்கொன்றை, புங்கை, மா, வேம்பு என்று எல்லாமே ஏதோ ஒரு நிலையில் இருக்கும், ஆரம்பிப்பதற்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. மாந்தோப்பில் காய் பொறுக்கப் போகிற பிள்ளைக்கு நம்மைவிட அதிகம் தெரியும். அதைக் குறித்து வைக்க மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும்.

குடும்பத்தோடு ஒருநாள் எங்காவது போக வேண்டும், கையில் காசும் குறைவு என்றால் ஏற்காட்டுக்கு எல்லோரும்தான் போகிறார்கள், காவலூருக்குப் போய்ப் பாருங்கள். ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழி. ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கி. சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவது வழக்கம். கிளம்புவதற்கு முன் அவர்கள் தளத்தில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். போகும் முன் ஸ்டெல்லேரியம் செயலியில் அன்றைய வானத்தைப் பார்த்து வைத்தால், பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குத் திருதிருவென முழிக்க வேண்டாம்.

மலைமேல் வேலை செய்கிறவர்கள் இவ்வளவையும் படித்துவிட்டு, ‘எங்க ஸ்கூல்ல சிக்னலே கெடையாது, இவரு வேற’ என்று சொல்வது கேட்கிறது. உங்களுக்குத்தான் கிவிக்ஸ். தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே இறக்கிக்கொண்டு இணையமே இல்லாமல் படிக்கலாம், தேடலாம். படங்களோடு இறக்கினால் கொஞ்சம் பெரிய கோப்பு. போன் டேட்டாவில் முயலாதீர்கள், அரூரிலோ தருமபுரியிலோ பிராட்பேண்ட் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஃபெட் சோதனைகள், ஸ்டோரிவீவர் கதைகள், அரவிந்த் குப்தா வீடியோக்கள் கொஞ்சம் என எல்லாவற்றையும் ஒரே பென் டிரைவில் நான் போட்டு வைத்திருக்கிறேன். சித்தேரி பக்கம் இருக்கிறவர்கள் ஜூன் முதல் வாரம் பாப்பிரெட்டிப்பட்டி வரும்போது 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று கொண்டுவாருங்கள், ஏற்றித் தருகிறேன். பயிற்சியில் கொடுத்த அந்தப் பழைய 8 ஜிபியைத் தயவுசெய்து எடுத்துக்கொண்டு வராதீர்கள், அதில் வைரஸ் இருக்கிறது.